விளையாடத் தெரிந்த எழுத்து

ஒஸ்லோவில் இப்போது இரவு எட்டு மணி. கனடாவில் மதியம், அவுஸ்திரேலியாவில் விடிந்தும் விடியாத நேரம். அந்த நேரத்திலும் எழும்பி வந்து கேட்பவர்களுக்குத் தனியாக நன்றி. நான் மருத்துவத் தாதி. எழுதுவதும் உண்டு. ஆனால் இன்றைக்குக் கதை பற்றியோ கவிதை பற்றியோ கதைக்கப் போவதில்லை. அவை அச்சில் ஏறும்போது போட்டுக்கொள்ளும் உடையைப் பற்றி, எழுத்தின் உருவத்தைப் பற்றிக் கதைக்கலாம் என்று நினைத்தேன். அதிலும் தலைப்புகளிலும் சுவரொட்டிகளிலும் வரும், கொஞ்சம் துள்ளும், கையால் வரைந்தது போன்ற எழுத்து.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். அச்செழுத்துக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று படிக்கப்படுவது. மற்றது பார்க்கப்படுவது. நாவலின் உள்பக்கத்தில் இருக்கும் எழுத்து தன்னை மறைத்துக்கொள்ள வேண்டும். இருநூறு பக்கம் வாசித்த பிறகும் எழுத்து எப்படி இருந்தது என்று வாசகருக்கு நினைவு வரக்கூடாது. அட்டையில் இருக்கும் தலைப்பெழுத்து அதற்கு நேர்மாறு. தெருவில் போகிறவரைக் கைதட்டிக் கூப்பிட வேண்டும். தமிழ் அச்சு முதல் வேலையை நானூறு ஆண்டுகளுக்கு மேலாகச் செய்து வருகிறது. இரண்டாவது வேலையை மிகப் பிந்தித்தான் கற்றுக்கொண்டது. ஏன் அப்படி என்பதுதான் என் உரையின் கேள்வி.

தொடக்கத்துக்குப் போவோம். 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. பதினாறு பக்கங்கள் கொண்ட சிறிய மறைக்கல்வி நூல். அண்டிரிக் அடிகளார் என்று நாம் அழைக்கும் ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளாரின் உழைப்பு அது. அதற்கு முந்தைய ஆண்டு கோவாவில் வெட்டிய தமிழ் எழுத்து ஒரு தொகுதி, கொல்லத்தில் செய்த எழுத்து இன்னொரு தொகுதி என்று இரண்டு வகை எழுத்துகள் அதன் பின்னால் இருக்கின்றன. உலோகத்தில் செய்திருந்தாலும் அவை ஓலைச்சுவடியின் கையெழுத்தைப் பின்பற்றியவைதான். ஓலையில் புள்ளி வைத்தால் கிழியும் என்று எழுதுபவர்கள் புள்ளியை விட்டுவிடுவார்கள். அந்தப் பழக்கம் அச்சுக்கும் வந்தது. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் அங்கே இல்லை. அவற்றைத் தெளிவாக்கும் எழுத்து முறையை வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில்தான் கொண்டுவந்தார். ஆக, தமிழின் முதல் அச்செழுத்து ஒரு மனிதக் கையின் நிழல். இதை நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

அடுத்த இடம் தரங்கம்பாடி. நோர்வேயில் இருக்கும் எனக்கு இந்த இடத்தில் ஒரு தனிப் பிடிப்பு உண்டு. நாம் அதை டென்மார்க்கின் குடியேற்றம் என்று படித்தோம். ஆனால் 1705-இல் சீகன்பால்கைத் தரங்கம்பாடிக்கு அனுப்பிய நான்காம் பிரடெரிக், டென்மார்க்குக்கும் நோர்வேக்கும் சேர்த்து அரசன். இரு நாடுகளும் 1814 வரை ஒரே முடியின் கீழ் இருந்தன. 1714-இல் கோப்பன்ஹேகனில் ஒரு மிஷன் கல்லூரியம் அமைத்தார்கள். பெயரில் கல்லூரி இருந்தாலும் அது மிஷன் வேலைகளை நடத்தும் அலுவலகம். தரங்கம்பாடி மிஷனை மேற்பார்த்ததும் அதுதான். துரொண்ட்ஹைமைச் சேர்ந்த தோமஸ் பொன் வெஸ்டன் என்ற போதகரை நோர்வேயின் வடக்கே சாமி மக்களிடம் அனுப்பியதும் அதுதான். பல ஆண்டுகளுக்குப் பிறகு நம்மவர்கள் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்யப் போன பின்மார்க் கரை அந்த வடக்கில்தான் இருக்கிறது. தமிழ் அச்சும் அந்தக் குளிர்ந்த கரையும் ஒருகாலத்தில் ஒரே மேசையின் கடிதக்கட்டில் இருந்தன என்று நினைக்கும்போது எனக்கு வியப்பாக இருக்கும்.

தரங்கம்பாடியில் எழுத்துக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-இல் வந்து சேர்ந்தன. அவை பெரிதாக இருந்தன. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் காகிதம் போதாது. காகிதமோ கடல் தாண்டி வர வேண்டும். ஆகவே பக்கத்தில் பொறையாற்றில் சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈயத்தை அதற்கு உருக்கினார்கள் என்பது அச்சு வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. 1714-இலும் 1715-இலுமாகப் புதிய ஏற்பாடு அந்தச் சிறிய எழுத்தில் வெளிவந்தது. எழுத்தின் அளவைத் தீர்மானித்தது அழகு அல்ல, காகிதத்தின் விலை.

இந்தப் போக்கு அடுத்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது. யாழ்ப்பாணத்தில் மானிப்பாய் அமெரிக்க மிஷன் அச்சகத்திலிருந்து 1841-இல் 'உதயதாரகை' வந்தது. சென்னையில் அமெரிக்க மிஷன் அச்சகத்தை நடத்திய பி. ஆர். ஹண்ட் தமிழ் எழுத்தை இன்னும் சிறிதாக, இன்னும் கூர்மையாக வெட்டுவிப்பதில் ஆண்டுக்கணக்காக உழைத்தார். 1862-இல் அங்கே அச்சான வின்சுலோ அகராதியில் 67,000 சொற்களுக்கு மேல் இருக்கின்றன. அத்தனையையும் ஒரே புத்தகத்தில் அடக்க முடிந்ததற்கு அந்தச் சிற்றெழுத்தும் ஒரு காரணம். வேதம், இலக்கணம், அகராதி, பாடநூல், செய்தித்தாள் என்று எல்லாம் கனமான வேலைகள். எழுத்துக்கு ஒரே ஒரு குரல்தான் இருந்தது. அது ஆசிரியரின் குரல்.

ஆங்கிலத்தில் அதே நூற்றாண்டில் சர்க்கஸ் விளம்பரத்துக்கும் நாடக நோட்டீசுக்கும் நூற்றுக்கணக்கான வேடிக்கை எழுத்துகள் வந்துவிட்டன. தமிழில் வராததற்குக் காரணம் நமக்கு விளையாட்டுத் தெரியாது என்பதல்ல. கணக்குப் பாருங்கள். ஆங்கிலத்துக்குப் பெரியதும் சிறியதுமாக 52 எழுத்துகள். தமிழுக்கு 247. கால், கொம்பு போன்றவற்றைத் தனியே வார்த்துச் சேர்த்துக்கொண்டாலும், உகர ஊகார எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு வேண்டும். ஒரு புது வடிவத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட அச்சுகளை வெட்ட வேண்டும். அதையும் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியாக. ஒரு தலைப்புக்காக இவ்வளவு செலவை எந்த அச்சகம் தாங்கும்?

ஆகவே தமிழ்ப் பத்திரிகைகள் வேறு வழியைப் பிடித்தன. ஓவியர் தலைப்பைத் தூரிகையால் எழுதுவார். அதைப் படம்போல் ப்ளாக் எடுத்து, அச்சுக்கோர்ப்பவர் ஈய எழுத்துகளுக்கு மேலே பொருத்திவிடுவார். ஏழெட்டு எழுத்துகளை ஒருமுறை வரைந்தால் போதும். செலவு குறைவு, சுதந்திரம் அதிகம். தமிழ் எழுத்தின் விளையாட்டு ஈயத்தில் இல்லாமல் ஓவியரின் கையில் போய்த் தங்கியதற்கு இதுதான் காரணம்.

ஆனந்த விகடனில் மாலி, அவருக்குப் பிறகு கோபுலு, கல்கியில் மணியம் என்று படங்களுக்காக நாம் நினைவில் வைத்திருக்கும் பெயர்களைச் சொல்கிறேன். 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்த காலத்து இதழ்களை யாராவது சேர்த்துக் கட்டி வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள். அந்தக் காலத்து வார இதழ்களில் ஒவ்வொரு கதைத் தலைப்பும் ஒரு முகம். பேய்க்கதை என்றால் எழுத்தின் கீழே ஏதோ சொட்டும். நகைச்சுவை என்றால் எழுத்துகள் ஒன்றின் தோளில் ஒன்று சாயும். சரித்திரக் கதை என்றால் கல்வெட்டின் கனம் வரும். வாசகர் முதல் வரியைப் படிக்கும் முன்பே கதையின் குணம் தெரிந்துவிடும். பின்னாளில் ஆதிமூலம் நவீன ஓவியத்தின் வேகத்தைப் புத்தக அட்டைகளின் எழுத்துக்குக் கொண்டுவந்தார். அவருடைய தூரிகை ஓடிய தடமும் காய்ந்து பிரிந்த நுனியும் அப்படியே எழுத்தாக நின்றன.

இவர்கள் பெயர் தெரிந்தவர்கள். பெயர் தெரியாதவர்கள் ஆயிரம் பேர். சினிமா பானர் எழுதியவர்கள், தேர்தல் காலத்தில் சுவர் எழுதியவர்கள், லொறியின் பின்பக்கம் எழுதியவர்கள். எங்கள் ஊரில் கோயில் திருவிழா நாடகத்துக்குத் திரைச்சீலை எழுதும் ஒருவர் இருந்தார். தேவாலயப் பெருநாளுக்கும் அவர்தான், பிள்ளையார் கோயில் தேருக்கும் அவர்தான். நீலத்தில் எழுதி, வெள்ளையில் ஓரம் கட்டி, கறுப்பில் நிழல் விழுத்துவார். 'ஸ்ரீ'யின் சுழியும் 'இ'யின் வளைவும் அவர் கையில் ஒரே குடும்பமாக இருக்கும். இப்படியான கைகளுக்கு 2000-க்குப் பிறகு வேலை குறைந்தது. ஃப்ளெக்ஸ் வந்தது. ஒரு இரவில் முப்பது பதாகை. தூரிகைகள் காய்ந்தன.

இங்கே இன்னொரு கிளைக்கதையும் உண்டு. பெரியார் 1935-இல் குடி அரசில் புகுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டு அரசு 1978-இல் ஏற்றது. ணா, றா, னா, லை, ளை போன்றவை இன்றைய வடிவத்துக்கு மாறின. நம் பெற்றோர் எழுதிய, யானை தும்பிக்கையைத் தூக்கியது போன்ற அந்தப் பழைய 'லை' அச்சிலிருந்து போனது. ஆனால் கையெழுத்துக்கு அரசாணை கிடையாது. கடைப் பெயர்ப்பலகைகளில் அந்தத் தும்பிக்கை இன்னும் பல ஆண்டுகள் ஆடிக்கொண்டிருந்தது. இன்றைய யூனிக்கோடில் பழைய லைக்கும் புதிய லைக்கும் ஒரே குறியீடுதான். எந்த உருவத்தைக் காட்டுவது என்பதை எழுத்துருதான் தீர்மானிக்கிறது. அதாவது, அந்த யானையை மீண்டும் கொண்டுவர எந்த அரசின் அனுமதியும் வேண்டாம். வரைய ஒருவர் போதும்.

இனி நம் கதைக்கு வருகிறேன். புலம்பெயர்ந்தவர்களுக்கும் தமிழ் எழுத்து இயந்திரத்துக்கும் பழைய உறவு உண்டு. தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய ஆர். முத்தையா சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்தவர். முரசு அஞ்சலைத் தந்த முத்து நெடுமாறன் மலேசியாவில். மயிலை எழுத்துருவைச் செய்த கல்யாணசுந்தரம் சுவிற்சர்லாந்தில். தூரத்தில் இருப்பவனுக்குத்தான் கடிதம் எழுதும் அவசரம் அதிகம்.

1956-இல் அந்தோனி இராஜேந்திரம் நோர்வேக்கு வந்தார். எண்பதுகளில் நம்மவர்கள் மக்கள் உயர்பள்ளிகள் வழியாகவும் மீன் தொழிற்சாலைகள் வழியாகவும் கூட்டமாக வந்தார்கள். தொண்ணூறுகளில் வீட்டுக்கு ஒரு கணினி வந்தபோது எல்லோரிடமும் பாமினி இருந்தது. பாமினியை நான் குறைசொல்ல மாட்டேன். அது இல்லையென்றால் புலம்பெயர் இதழ்கள் பல வந்திருக்காது. ஆனால் அதோடு ஒரு விசித்திரம் நடந்தது. கலியாண அழைப்பு, மரண அறிவித்தல், தமிழ்ப் பள்ளியின் விளையாட்டுப் போட்டி, இடியப்பக் கடையின் விலைப்பட்டியல் எல்லாமே ஒரே முகத்தோடு வந்தன. ஊரில் தலைப்பெழுதும் கையை விட்டுவிட்டு வந்தோம். இங்கே இருந்தது உள்பக்க எழுத்து மட்டும். அதையே பெரிதாக்கி, தடிப்பாக்கி, சிவப்பாக்கித் தலைப்பில் போட்டோம். கத்திப் பேசினால் அது பாட்டாகிவிடாது.

இதனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். நட்டம் பிள்ளைகளுக்கு. குருருட் பள்ளத்தாக்கில் பிறந்து வளரும் ஒரு பிள்ளை நோர்வேஜிய எழுத்தை எங்கெல்லாம் பார்க்கிறது? சொக்கலேற் உறையில், சினிமாவில், கால்பந்துச் சட்டையில், தாளம் போடும் பாடப்புத்தகத்தில். அந்த எழுத்து சிரிக்கும், குதிக்கும், பயமுறுத்தும். தமிழ் எழுத்தை எங்கே பார்க்கிறது? சனிக்கிழமைப் பாடப்புத்தகத்திலும் நினைவஞ்சலிப் பதாகையிலும். ஒன்று கடமை, மற்றது துக்கம். இரண்டும் வேண்டும், இரண்டும் புனிதம். ஆனால் கடமைக்கும் துக்கத்துக்கும் மட்டுமே வரும் ஒருவரைப் பிள்ளை எப்படிச் சிநேகிதம் பிடிக்கும்?

2016-ஐ ஒரு சிறிய திருப்பமாக நான் பார்ப்பது அதனால்தான். மும்பையில் இருக்கும் ஏக் டைப் என்ற எழுத்துரு நிறுவனம் பலூ என்ற குடும்பத்தை வெளியிட்டது. பலூ என்றால் கரடி. கிப்லிங்கின் காட்டுக்கதையில் வரும் கரடிக்கும் அதே பெயர். எழுத்தும் அப்படித்தான். கொழுத்த உடல், உருண்ட முனைகள், நகத்தை உள்ளே இழுத்துக்கொண்ட பாதம். அதன் தமிழ் வடிவத்துக்குப் பலூ தம்பி என்று பெயர். வரைந்தவர் ஆதர்ஷ் ராஜன். மலையாளத்தில் அவர் பலூ சேட்டன். தெலுங்கில் தம்முடு, கன்னடத்தில் தம்மா, பஞ்சாபியில் பாஜி. எல்லாம் சகோதரனைக் குறிக்கும் சொற்கள். இந்திய மொழிகளை ஒரு குடும்பம் என்று மேடையில் சொல்வதைவிட இது எனக்குப் பிடித்திருந்தது. பின்னர் வந்த பலூ 2-இல் ஐந்து தடிமன்கள். திறந்த உரிமம் என்பதால் யாரும் இலவசமாக எடுக்கலாம், மாற்றலாம், சுவரொட்டியிலும் வியாபாரப் பொதியிலும் போடலாம்.

அதே காலத்தில் இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் கவிவாணர் என்ற எழுத்துருவைத் தந்தார். சாய்ந்த, கையெழுத்தின் ஓட்டம் கொண்ட வடிவம். பலூ தம்பி சத்தமாகச் சிரிப்பவன் என்றால் கவிவாணர் புன்னகையோடு கடிதம் எழுதுபவர். ஒன்று பிறந்தநாளுக்கு, மற்றது வாழ்த்து மடலுக்கு.

தடித்த தமிழ் எழுத்து வரைவது லேசான வேலை அல்ல. 'ஞ', 'ண', 'ஐ' போன்ற எழுத்துகளுக்குள் சுழிகள் அதிகம். கோட்டைத் தடிப்பாக்கினால் உள்ளே இருக்கும் வெளி அடைபடும், எழுத்து மைக்கறையாகிவிடும். 'ர'வுக்கும் காலுக்கும் ஏற்கெனவே சண்டை. கால் முனையை உருட்டினால் அது இன்னும் கூடும். புள்ளியைச் சிறிதாக வைத்தால் தடித்த உடலுக்கு மேலே தொலைந்துபோகும். பெரிதாக வைத்தால் மேல்வரியில் இடிக்கும். ஓலை கிழியும் என்று கொல்லத்துக் காலத்தில் தொலைந்திருந்த அதே புள்ளி, இன்றைக்கும் எழுத்து வரைபவரைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது.

ஆனால் துள்ளும் எழுத்தை எங்கே வைக்கக்கூடாது என்பதையும் தெரிந்திருக்க வேண்டும். இதை எனக்கு என் வேலை சொல்லிக்கொடுத்தது. முதியோர் இல்லம் ஒன்றில் ஓர் அம்மம்மா இருந்தார். மறதிநோய். பிந்திக் கற்ற நோர்வேஜியம் முதலில் போய்விட்டது, தமிழ் மட்டும் மிஞ்சியது. பேரப்பிள்ளை அன்போடு கழிப்பறைக் கதவில் கொழுத்த, வண்ண எழுத்தில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தான். அவர் அதைப் பார்த்துச் சிரிப்பார், கடந்து போய்விடுவார். அவருக்கு அது படம், சொல் அல்ல. பிறகு மஞ்சள் அட்டையில் கறுப்பில், பாடப்புத்தகம் போன்ற சாதாரண எழுத்தில் மாற்றினோம். நின்று, வாய்விட்டு வாசித்து, கதவைத் திறந்தார். அவருடைய பிறந்தநாளுக்கு அதே பேரன் அதே கொழுத்த எழுத்தில் அவர் பெயரை எழுதித் தொங்கவிட்டான். அதை அவர் விரலால் தடவித் தடவி, மண்ணில் எழுதப் பழகும் பிள்ளைபோல் திரும்பத் திரும்ப எழுதினார். படிக்கும் எழுத்து, பார்க்கும் எழுத்து என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதை அந்த அறையைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

மருந்துப் பெட்டியில், வைத்தியசாலைத் துண்டுப் பிரசுரத்தில், அவசர வழிகாட்டியில் எழுத்து ஒழிந்திருக்க வேண்டும், பொருள்தான் முன்னால் நிற்க வேண்டும். மரண அறிவித்தலில் அது குரலைத் தாழ்த்த வேண்டும். தமிழ்ப் பள்ளிக் கலைவிழாவில், கேக் பெட்டியில், பிள்ளைகளின் கதைப்புத்தகத்தில் அது ஆடட்டும். "எழுத்து சரஸ்வதி, அதோடு விளையாடக்கூடாது" என்று பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார். நான் அவரை மறுக்கவில்லை. ஆனால் வீணையை வைத்துத்தானே சரஸ்வதியை வரைகிறோம், பிரம்பை வைத்து அல்லவே என்று மட்டும் கேட்டேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு குறையையும் சொல்லாமல் விட முடியாது. ஊர்த் திரைச்சீலையில் ஒரே சொல்லில் இரண்டு 'க' வந்தால் இரண்டும் கொஞ்சம் வேறுபடும். கை மனிதனுடையது என்பதற்கு அது அத்தாட்சி. எழுத்துருவில் இரண்டும் அச்சொத்தவை. கணினியின் புதிய நுட்பத்தில் ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று வடிவங்களை வைத்து மாற்றி மாற்றிக் காட்ட வழி உண்டு. தமிழில் அதைச் செய்ய வேண்டியவர்கள் நம் பிள்ளைகள்தான். அவர்களுக்கு முன்மாதிரி வேண்டும். அந்த முன்மாதிரிகள் நம் வீட்டுப் பெட்டிகளில் இருக்கின்றன.

ஆகவே கேட்டுக்கொண்டிருக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய பாடசாலை மலர், கோயில் பெருநாள் நோட்டீசு, அப்பாவின் கடைப் பெயர்ப்பலகை தெரியும் புகைப்படம், அம்மா அட்டையில் பூப்போட்டு எழுதிய கொப்பி, எதுவாக இருந்தாலும் எறிவதற்கு முன் எழுத்துத் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள். எழுதியவர் பெயர் தெரிந்தால் அதையும் ஓரத்தில் குறியுங்கள். கொல்லத்தில் ஒரு சுவடி எழுத்தாளரின் கை ஈயத்துக்குப் போனது. அவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. நம் காலத்துக் கைகளுக்கு அப்படி நடக்க வேண்டியதில்லை.

கேள்விகள் இருந்தால் கதைப்போம்.